பிரேக்கில் எயார் எடுக்க ஒருவர் போதும்: எந்தக் கருவியை வாங்குவது?

வாகனம் திருத்தும் எந்தக் கராஜுக்குப் போனாலும் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம். "மிதி... மிதி... பிடி!" என்று வாகனத்தின் கீழிருந்து ஒரு குரல் வரும். "பிடிச்சிட்டேன் நானா" என்று மேலே ஆசனத்தில் இருக்கும் பையன் பதில் சொல்வான். பிரேக் ஒயில் குழாய்க்குள் புகுந்துவிட்ட காற்றை வெளியேற்றும் இந்த வேலையை எமது கராஜ்காரர்கள் 'எயார் எடுத்தல்' என்கிறார்கள். நான்கு சில்லுகளிலும் இதனைச் செய்து முடிக்கும் வரை இரண்டு பேர் ஒரே வாகனத்தில் கட்டுண்டு கிடக்கிறார்கள்.

முன்பு இது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. கராஜில் தொழில் பழகும் பையன்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இன்று நிலைமை வேறு. 2022ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தொழிலுக்காக இந்நாட்டை விட்டு வெளியேறினர். கைத்தொழில் தெரிந்த இளைஞர்களும் அவர்களுள் அடக்கம். முதலாளியே பாஸாகவும், பாஸே உதவியாளராகவும் வேலை செய்யும் சிறு கராஜ்கள் ஊருக்கு ஊர் உண்டு. பேக்கரி, மொத்த வியாபாரம் என்று இரண்டு மூன்று வேன்களை வைத்துத் தொழில் செய்பவர்களும் சிறு வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பார்க்கிறார்கள்.

இவ்வேலையை ஒரே ஆள் செய்து முடிக்க உதவும் கருவிகள் பல வகையில் சந்தையில் கிடைக்கின்றன. சில நூறு ரூபாவுக்கும் கிடைக்கும், பெருந்தொகைக்கும் கிடைக்கும். விலை கூடியதுதான் நல்லது என்ற எண்ணத்தில் வாங்கியவர்களின் கராஜ் மூலையில் அது தூசு படிந்து கிடப்பதுண்டு. விலை குறைந்ததை வாங்கியவர்கள் இரண்டாம் மாதமே அதனைத் தூக்கி எறிவதுமுண்டு. எந்தத் தொழிலுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதை இவ்வாரம் பார்ப்போம்.

எயார் ஏன் ஆபத்தானது?

பிரேக் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஒயில் அமுக்கப்படுகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே காலின் பலம் அப்படியே குழாய் வழியாகச் சென்று சில்லில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. காற்று அப்படியல்ல, அமுக்கினால் சுருங்கும். குழாய்க்குள் சிறிது காற்று இருந்தாலும் காலின் பலம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், வாகனம் நிற்காது.

எயார் புகுவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. சிலிண்டர், கெலிப்பர், ஹோஸ் போன்றவற்றைக் கழற்றி மாட்டும்போது புகலாம். ஒயில் தாங்கியில் மட்டம் குறைந்து காலியாகும்போது புகலாம். மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்குகிறது. டொட் 3 ரகப் புது ஒயில் 205 பாகை செல்சியஸுக்கு முன் கொதிக்கக் கூடாது என்பது நியமம். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த நியம அளவு 140 பாகையாகக் குறைகிறது. டொட் 4 ரகத்துக்கு இவை முறையே 230, 155 பாகைகள்.

ரம்பொடை வளைவுகளிலோ எல்லையிலிருந்து வெல்லவாய நோக்கியோ சுமையுடன் இறங்கும் வேனின் பிரேக் எவ்வளவு சூடாகும் என்பது ஓட்டுனர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் பழைய ஒயில் கொதித்து ஆவியானால், அந்த ஆவியும் எயார் செய்யும் வேலையையே செய்யும். மேலே ஏறும்போது நன்றாக இருந்த பிரேக் இறங்கும்போது காலுக்கடியில் இல்லாமற் போவது இப்படித்தான். ஆகவே எயார் எடுக்கும் கருவி பழுது பார்க்க மட்டும் உரியதல்ல. பழைய ஒயிலை முழுமையாக வெளியேற்றிப் புதியதை நிரப்பவும் அதுவே பயன்படுகிறது. பல வாகன உற்பத்தியாளர்கள் 2 அல்லது 3 வருடங்களுக்கு ஒரு முறை ஒயிலை மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி மாதம்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த வாகனங்களையே ஓட்டினோம். இதனால் வயது சென்ற இறப்பர் சீல்களும் துருப்பிடித்த எயார் ஆணிகளும் கொண்ட வாகனங்களே கராஜ்களுக்கு அதிகம் வருகின்றன. கருவியைத் தெரிவு செய்யும்போது இதனையும் மனதிற் கொள்ள வேண்டும்.

மிதித்து எடுக்கும் முறையின் குறை

இருவர் செய்யும் பழைய முறை தவறானதல்ல. இன்றும் பல வாகனக் கைநூல்களில் அந்த முறையே உள்ளது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சாதாரண ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுத் தூரம் போவதில்லை. முன்பகுதி பாவனையின்றி இருப்பதால் பழைய வாகனங்களில் அங்கே அழுக்கும் துருவும் படிந்திருக்கும். எயார் எடுக்கும்போது பையன் பெடலை அடி வரை மிதித்தால், பிஸ்டனின் இறப்பர் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். எயார் எடுக்க வந்த வாகனம் மாஸ்டர் சிலிண்டர் பழுதாகித் திரும்பும். "நான் கொண்டு வரும்போது நன்றாகத்தான் இருந்தது" என்று வாடிக்கையாளர் கூறுவார். அவர் சொல்வதும் உண்மைதான்.

மிதிக்கும் முறையைப் பாவிப்பவர்கள் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, அது முழுத் தூரம் போகாதபடி செய்வது நல்லது. பெடலை மிதிக்காமலே எயார் எடுக்கும் கருவியென்றால் இந்தக் கவலை இல்லை.

கருவிகள் ஐந்து வகை

முதலாவது, ஒருவழி வால்வு கொண்ட குழாயும் போத்தலும். எயார் ஆணியில் ஒரு தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது புது ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துவார்கள். குழாயில் உள்ள சிறு வால்வு ஒயிலை வெளியே விடும், உள்ளே திரும்ப விடாது. ஆணியைச் சிறிது திறந்துவிட்டு நீங்களே போய்ப் பெடலை மெதுவாக மிதித்து விடலாம். கருவிகளில் மிக மலிவானது இதுவே. ஆனால் பெடலில் இருக்கும்போது குழாயில் குமிழி வருகிறதா என்று பார்க்க முடியாது. ஆணியின் புரி வழியாகவும் சிறிது காற்று உள்ளே போகலாம். மேலே சொன்ன மாஸ்டர் சிலிண்டர் ஆபத்தும் இதிலுண்டு. மலிவுக் கருவிகளில் வால்வு சீக்கிரம் இறுகி அல்லது ஒழுகிப் போகும். வாங்கும்போதே குழாயில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. ஒயில் பட்ட பின்னர் வாயை வைக்கக் கூடாது, அது நச்சுத்தன்மை உடையது.

இரண்டாவது, ஒருவழி வால்வு உள்ளேயே அமைந்த எயார் ஆணி. வாகனத்தின் ஆணியைக் கழற்றிவிட்டு இதனை நிரந்தரமாகப் பூட்டிவிடலாம். உள்ளே ஒரு சிறு குண்டும் சுருளும் இருக்கும். பிறகு எப்போது எயார் எடுப்பதானாலும் ஆணியைச் சிறிது தளர்த்தி, பெடலை மிதித்தால் போதும். புரியில் காற்றுக் கசியாதபடி பூச்சும் போட்டிருக்கும். சொந்த வாகனத்தைத் தானே பராமரிப்பவருக்கு இது சிறந்தது. கராஜுக்குப் பொருந்தாது. காரணம் ஒவ்வொரு வாகனத்துக்கும் நான்கு வேண்டும், புரியின் அளவும் நீளமும் வாகனத்துக்கு வாகனம் மாறும். பழைய ஆணியைக் கையில் கொண்டு போய் ஒப்பிட்டுப் பார்க்காமல் இதனை வாங்கக் கூடாது.

மூன்றாவது, வெற்றிடக் கருவி. இது ஆணிப் பக்கமிருந்து ஒயிலை உறிஞ்சி எடுக்கிறது. கையால் இழுக்கும் பம்ப் ஒரு ரகம். மைட்டிவாக் என்ற பெயரில் வரும் அமெரிக்கக் கருவி இவ்வகையில் பிரபலமானது, அதைப் போன்ற பல சீனத் தயாரிப்புகளும் வருகின்றன. கொம்பிரசர் காற்றால் இயங்கும் பெரிய போத்தல் மற்றொரு ரகம். கொம்பிரசர் காற்று ஒரு குறுகிய வழியால் வேகமாகப் பாயும்போது உண்டாகும் உறிஞ்சலே அதனை இயக்குகிறது.

இதன் பெரிய வசதி, எந்த வாகனத்துக்கும் ஒரே கருவி போதும் என்பதுதான். கார், வேன், முச்சக்கர வண்டி, டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிள் அனைத்திலும் ஆணி ஒரே மாதிரித்தான் இருக்கும். பழைய ஒயிலைத் தாங்கியிலிருந்து உறிஞ்சவும் இதனைப் பாவிக்கலாம். கைப் பம்பாக இருந்தால் வேறு வெற்றிட வேலைகளுக்கும் உதவும்.

இதன் குறையைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஏமாந்து போவார்கள். ஆணியைத் தளர்த்தியதும் அதன் புரியின் இடைவெளியால் வெளிக்காற்றும் உறிஞ்சப்படும். குழாயில் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். எயார் இன்னும் இருக்கிறது என்று நினைத்து ஒயிலை வீணாக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆணியை மிகக் குறைவாகத் திறப்பதாலும், புரியில் மட்டும் பிளம்பிங் வேலைக்குப் பாவிக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றுவதாலும் இதனைக் குறைக்கலாம். ஆணியின் கூர் முனையிலும் துவாரத்திலும் டேப் படவே கூடாது. வெற்றிடக் கருவியுடன் வேலை செய்பவர் குமிழியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், பெடலின் இறுக்கத்தையும் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

கொம்பிரசரில் இயங்குவதை வாங்குவோர் தமது கொம்பிரசரின் பலத்தையும் பார்க்க வேண்டும். இக்கருவி காற்றை நிறையக் குடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் சிறு கொம்பிரசர் அதற்கு ஈடுகொடுக்காது. நுவரெலியா போன்ற உயரமான ஊர்களில் வளிமண்டல அமுக்கமே கடலோரத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்கு அளவுதான். எனவே வெற்றிடக் கருவியின் இழுவையும் அங்கே அந்த அளவுக்குக் குறையும். வேலை நடக்கும், ஆனால் சற்று மெதுவாக நடக்கும்.

நான்காவது, அமுக்கக் கருவி. மேலே ஒயில் தாங்கியின் மூடியைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கருவியின் மூடியைப் பூட்டி, அங்கிருந்து புது ஒயிலை அமுக்கத்துடன் உள்ளே தள்ளுவது. பிறகு ஒவ்வொரு சில்லாகச் சென்று ஆணியைத் திறந்து மூடினாற் போதும். ஒயில் தொடர்ந்து வருவதால் தாங்கி காலியாகும் பயமில்லை. உள்ளிருந்து வெளியே தள்ளுவதால் புரி வழியாகக் காற்றுப் புகாது. குழாயில் தெரியும் குமிழி உண்மையான குமிழியே. ஒரே ஆள் செய்யும் முறைகளில் மிகச் சுத்தமானது இதுதான்.

இதிலும் மூன்று ரகங்கள் உண்டு. கையால் காற்றடிக்கும் தாங்கி ஒன்று. மருந்து தெளிக்கும் பம்பைப் போலவே இருக்கும். இரண்டாவது, ஸ்பெயார் சில்லின் காற்றைப் பாவிப்பது. கன்சன் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் ஈசிபிளீட் இவ்வகையைச் சேர்ந்தது. இதனைப் பாவிக்கும் முன் டயரின் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்க வேண்டும். மூன்றாவது, பெரிய கராஜ்களுக்கான தள்ளுவண்டி ரகம். இதில் காற்றையும் ஒயிலையும் ஒரு இறப்பர் தகடு பிரித்து வைத்திருக்கும், ஈரம் ஒயிலில் சேராது.

அமுக்கக் கருவியின் பலவீனம் அதன் மூடிதான். ஒயில் தாங்கியின் வாய் வாகனத்துக்கு வாகனம் மாறுபடும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றுக்கு ஒரே மூடி பொருந்தும். எமது நாட்டில் அதிகம் ஓடும் ஜப்பானிய, இந்திய வாகனங்களுக்கோ பல அளவு மூடிகள் தேவை. சில புரியுள்ளவை, சில அழுத்திப் பூட்டுபவை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று கூறி விற்கப்படும் சங்கிலி மாட்டும் தட்டையான மூடி ஒழுகுவதுண்டு. அமுக்கத்தில் ஒழுகும் பிரேக் ஒயில் இயந்திரப் பகுதி முழுவதும் தெறித்து பெயின்டைத் தின்றுவிடும். எனவே ஒயில் ஊற்றுவதற்கு முன் வெறும் காற்றை அடித்து, அமுக்கமானி இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். பெரும்பாலான வாகனங்களுக்கு 10 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். பழைய பிளாஸ்டிக் தாங்கிகள் அதற்கு மேல் தாங்காது. கொம்பிரசர் குழாயை நேரடியாகத் தாங்கியில் மாட்டும் 'கெட்டிக்காரத்தனம்' தாங்கியை வெடிக்க வைக்கும்.

ஐந்தாவது, கீழிருந்து மேலே தள்ளும் முறை. ஆணியின் வழியாகப் புது ஒயிலைச் செலுத்தி, மேலே தாங்கிக்கு அனுப்புவது. காற்று இயல்பாகவே மேல் நோக்கிப் போவதால், பிடிவாதமான கிளச் லைன்களில் இது நன்றாக வேலை செய்யும். பெரிய சிரிஞ்சும் குழாயும் இருந்தாலே செய்துவிடலாம். ஆனால் கெலிப்பருக்குள் படிந்திருக்கும் அழுக்கையும் அது மேலே தள்ளும். ஏ.பி.எஸ். உள்ள வாகனத்தில் அந்த அழுக்கு நுண்ணிய வால்வுகளில் போய் அடைபடலாம். முதலில் பழைய ஒயிலை வழமையான திசையில் வெளியேற்றிவிட்டே இதனைச் செய்ய வேண்டும்.

யாருக்கு எது?

சொந்த வாகனம் ஒன்றோ இரண்டோ வைத்திருப்பவர் வருடத்துக்கு ஒரு முறைதான் எயார் எடுப்பார். அவருக்கு நல்ல ஒருவழி வால்வுக் குழாய் போதும். ஒரே ரக வேன் மூன்று நான்கு வைத்திருப்பவர்களுக்குக் கைப் பம்ப் அமுக்கக் கருவியும், அந்த வேனுக்கே உரிய ஒரு மூடியும் சிறந்த தெரிவு. எல்லா வாகனமும் ஒரே ரகம் என்பதால் மூடிப் பிரச்சினை அங்கே இல்லை.

நாளுக்கொரு விதமான வாகனம் வரும் ஒற்றை ஆள் கராஜுக்கு வெற்றிடக் கருவியே முதற் கொள்வனவாக இருக்க வேண்டும். முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் அதிகம் வருமானால் கைப் பம்ப் போதும். கார், வேன் அதிகமென்றால் கொம்பிரசர் ரகம். அடிக்கடி வரும் நான்கைந்து ரக வாகனங்கள் எவை என்று ஒரு மாதம் குறித்து வைத்துவிட்டு, அவற்றுக்குரிய மூடிகளுடன் அமுக்கக் கருவியை இரண்டாவதாக வாங்கலாம். டிமோ பட்டா முதல் எல்ஃப், கென்டர் வரையான பல சிறு லொறிகளிலும் ஒயில் பிரேக் இருப்பதால் இக்கருவிகள் அவற்றுக்கும் உதவும். காற்றினால் இயங்கும் பிரேக் உள்ள பெரிய லொறி, பஸ்களுக்கு இவை பொருந்தா.

பஞ்சிகாவத்தையிலோ ஊர்க் கடையிலோ உதிரிப்பாகம் விற்பவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கருவியை மட்டும் விற்காமல், அதற்குரிய தெளிந்த குழாய், வால்வு, இறப்பர் முனை, மூடி ஆகியவற்றையும் தனித்தனியே வைத்திருங்கள். கருவி பழுதாவதில்லை, இவைதான் தேய்கின்றன. இவை கிடைக்காததாலேயே பல நல்ல கருவிகள் மூலைக்குப் போகின்றன.

முதலீடு எப்போது திரும்பும்?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். இலக்கங்கள் உதாரணத்துக்கு மட்டுமே, உங்கள் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உதவியாளரின் நாட்கூலி 3,000 ரூபா, வேலை நேரம் 8 மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிடம் 6 ரூபா 25 சதம். ஒரு வாகனத்தில் அவருடைய 40 நிமிடம் போனால் 250 ரூபா. மாதம் 20 வாகனங்களுக்கு 5,000 ரூபா. கருவியின் விலை 30,000 ரூபாவானால் ஆறு மாதத்தில் முதல் திரும்பிவிடும். மாதம் நான்கே வாகனங்கள்தான் என்றால் அதே கருவிக்கு 30 மாதம் செல்லும். அத்தகையவர் மலிவான கைப் பம்புடன் நிற்பதே புத்தி.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, திரும்பி வரும் வாகனம். பிரேக் சரியில்லை என்று மறுநாள் திரும்பி வருபவருக்கு இலவசமாகத்தான் செய்து கொடுக்க வேண்டியிருக்கும். மாதத்தில் அப்படி இரண்டு வாகனம் குறைந்தாலே கருவியின் பெறுமதி புரியும். ஒயில் மாற்றுவதை ஒரு தனிச் சேவையாக விலை குறித்து வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். ஒற்றை ஆளாகச் செய்ய முடியாததால் இதுவரை தட்டிக்கழித்த வேலை அது.

கடையில் பார்க்க வேண்டியவை

ஆணியில் மாட்டும் இறப்பர் முனை இறுக்கமாக இருக்கிறதா, தனியாக வாங்கக் கிடைக்குமா என்று கேளுங்கள். குழாய் கண்ணாடி போல் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழி தெரியாது. போத்தலும் குழாயும் பிரேக் ஒயிலைத் தாங்கும் பிளாஸ்டிக்கினால் ஆனவையா என்று பாருங்கள். சாதாரண பிளாஸ்டிக் சில வாரங்களில் மங்கி வெடிக்கும். கைப் பம்பானால் கடையிலேயே முனையை விரலால் அடைத்து, மானியின் முள் ஒரு நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று சோதியுங்கள். அமுக்கக் கருவியில் மிகை அமுக்கத்தை வெளியேற்றும் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததை வாங்க வேண்டாம்.

வேலையில் கவனிக்க வேண்டியவை

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குவது பொதுவான முறை. வெளிநாட்டுக் கருவிகளுடன் வரும் அறிவுறுத்தல் தாளில் வலது பின் சில்லில் தொடங்கும்படி இருக்கலாம். அது இடது பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளுக்குரியது. எமது வாகனங்களில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் வலது பக்கத்தில் இருப்பதால், இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பதே பொதுவான ஒழுங்கு. வாகனக் கைநூல் வேறு ஒழுங்கைக் கூறினால் அதையே பின்பற்றுங்கள்.

சுமை ஏற்றும் வேன், பிக்கப் சிலவற்றின் பின் அச்சில், சுமைக்கேற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. வாகனத்தை உயர்த்தி அச்சு தொங்கும் நிலையில் இந்த வால்வு ஒயிலைத் தடுக்கும். அச்சுக்குத் தாங்கு கொடுத்தே எயார் எடுக்க வேண்டும். சிலவற்றில் அந்த வால்விலேயே தனி எயார் ஆணி இருக்கும், அதனை மறந்துவிடுவோர் பலர்.

ஆணியைத் திறக்க ரிங் ஸ்பனரையே பாவியுங்கள். துருப்பிடித்ததை முந்திய நாளே துரு நீக்கி போட்டு ஊற வையுங்கள். இறுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். பல ஜப்பானிய கார்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் அதன் அளவு, மணிக்கட்டின் பலமே போதும். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். பெயின்டில் ஒயில் பட்டால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஒயிலில் சிக்கனம் பார்ப்பது நட்டத்தில்தான் முடியும். வாகனத்தின் மூடியில் எழுதியுள்ள ரகத்தையே ஊற்ற வேண்டும். டொட் 3, டொட் 4, டொட் 5.1 ஆகியவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை. டொட் 5 சிலிக்கோன் ரகம், மற்றவற்றுடன் கலக்கவே கூடாது. 5க்கும் 5.1க்கும் பெயரில் உள்ள ஒற்றுமை விற்பவர்களையே குழப்புவதுண்டு. திறந்து பல மாதங்கள் கிடந்த போத்தலும், வெளியே எடுத்த பழைய ஒயிலும் மீண்டும் உள்ளே போகக் கூடாது. எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு துளி கலந்தாலும் இறப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஆகவே கருவியையும் மண்ணெண்ணெயால் கழுவ வேண்டாம். வேலை முடிந்ததும் அமுக்கத்தை இறக்கி, மீதி ஒயிலை அகற்றித் துடைத்து உலர்த்தி வையுங்கள்.

கருவி மட்டும் போதாத வாகனங்கள்

ஏ.பி.எஸ். உள்ள காரில் சில்லுப் பக்கத்து வேலை மட்டும் நடந்திருந்தால் வழமையான முறையே போதும். தாங்கி முற்றாகக் காலியாகி ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்றுப் புகுந்துவிட்டால், பல கார்களில் ஸ்கேனர் மூலம் அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்கினால்தான் காற்று வெளியேறும்.

பிரியஸ், அக்வா போன்ற டொயோட்டா ஹைபிரிட் கார்களில் பிரேக் கணினியின் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. கதவைத் திறந்தாலே பம்ப் இயங்கி உயர் அமுக்கம் உண்டாகும். உற்பத்தியாளரின் மென்பொருள் கொண்ட ஸ்கேனருடன், அது கூறும் ஒழுங்கில்தான் எயார் எடுக்க வேண்டும். அந்த ஸ்கேனர் இல்லாத கராஜ் இவ்வேலையைப் பொறுப்பேற்காமல், உள்ளவரிடம் அனுப்பி வைப்பதே நல்லது. ஒரு வேலையின் கூலி போகும், வாடிக்கையாளரின் நம்பிக்கை போகாது.

எந்தக் கருவியால் செய்தாலும் இறுதிச் சோதனை ஒன்றுதான். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைச் சில தடவை மிதித்து, பிறகு ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். பெடல் உயரமாகவும் கடினமாகவும் நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. மிதிக்க மிதிக்க உயர்ந்தால் இன்னும் எயார் இருக்கலாம், அல்லது பின் டிரம் பிரேக் தளர்ந்திருக்கலாம். பிறகு எஞ்சினை இயக்கி மீண்டும் பாருங்கள். நான்கு ஆணிகளிலும் ஈரக் கசிவு இல்லை என்று கையால் தடவிப் பார்த்து, தூசு மூடிகளையும் போட்டுவிட்டு, கராஜ் முற்றத்திலேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பின்னரே சாவியைக் கொடுங்கள். புதிதாகக் கருவி வாங்கியவர்கள் அதனை முதலில் தமது சொந்த வாகனத்தில் பாவித்துக் கை பழகிக்கொண்ட பின்னர் வாடிக்கையாளரின் வாகனத்தில் கை வைப்பது உசிதம்.